கன்னியர் மடத்துச் சேமக்காலையில் ஒரு நாடக நடிகை

நாடகம், கூத்து என்றதும் முகத்தைச் சுளிக்கும் பெரியவர்கள் நம் குடும்பங்களில் மட்டுந்தான் இருந்தார்கள் என்று எண்ண வேண்டாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவிலும் நிலைமை ஏறத்தாழ அதுவே. மேடையில் நடிக்கும் பெண்ணின் ஒழுக்கத்தை ஐயத்தோடு பார்ப்பது அன்றைய வழக்கம். ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகும் குடும்பத்தவர் பலர் நாடகக் கொட்டகையின் வாசற்படியை மிதித்ததே இல்லை. அந்தக் காலத்தில் தாய்மார் தம் பிள்ளைகளைக் கையில் பிடித்து அழைத்துச் சென்று காட்டிய நடிகை ஒருவர் இருந்தார். அவர் பெயர் மோட் அடம்ஸ். அமெரிக்க நாடக உலகில் அவருடைய நாளில் அவரைவிடக் கூடுதலாகச் சம்பாதித்தவர் இல்லை என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர் துயில்வது பெரிய நகரத்துப் பளிங்குக் கல்லறை ஒன்றிலன்று. கத்தோலிக்க அருட்கன்னியர் மடமொன்றின் சேமக்காலையில், கன்னியர்களின் கல்லறைகளோடு அவருடைய கல்லறையும் இருக்கிறது. அவர் கன்னியாஸ்திரியல்லர். கத்தோலிக்கரும் அல்லர்.

மோட் அடம்ஸ் 1872ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பகுதியிலுள்ள சோல்ட் லேக் நகரில் பிறந்தார். அது மோமன் சமயத்தவர் குடியேறிக் கட்டிய நகரம். அந்தச் சமயத் தலைவர் பிறிகம் யங் நாடகத்தை வெறுத்தவரல்லர். பாலைவனத்தின் நடுவே 1862இல் பெரியதொரு நாடக அரங்கையே கட்டுவித்தார். மோட்டின் தாயார் ஆனி அடம்ஸ் அந்த அரங்கில் நடித்து வந்தவர். மோமன் குடும்பத்துப் பெண். தந்தை ஜேம்ஸ் கிஸ்கடன் அச்சமயத்தைச் சேராதவர். பிள்ளை மேடையேறிய கதை வேடிக்கையானது. ஒரு சிறு நாடகத்தில் குழந்தையொன்றைத் தட்டில் வைத்துக் கொண்டுவர வேண்டும். அதற்கென்று வைத்திருந்த குழந்தை வீரிட்டு அழத் தொடங்கவே, உடை மாற்றும் அறையில் இருந்த ஆனியின் கைக்குழந்தையைத் தூக்கித் தட்டில் வைத்துவிட்டார்கள். அது அழவில்லையாம்.

குடும்பம் பின்னர் சன் பிரான்சிஸ்கோ நகருக்குப் போயிற்று. ஐந்து வயதிலேயே சிறுமி பேசும் பாகங்களில் நடித்தாள். தந்தைக்கு இது பிடிக்கவில்லை என்பர். அவர் 1883இல் இறந்தபோது மகளுக்குப் பத்து வயது. குழந்தை வேடத்துக்கு உயரம் கூடிவிட்டது, பெரியவர் வேடத்துக்கு வயது போதாது. ஆகவே பாட்டியார் வீட்டிலிருந்து படிக்கட்டும் என்று சோல்ட் லேக் நகருக்கே திருப்பி அனுப்பினார்கள். படிப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. தாயோடு மீண்டும் மேடைக்கு வந்து, 1888இல் நியூயோர்க்கை அடைந்தார்.

நியூயோர்க் நகரை நெடுக்காக ஊடறுத்துச் செல்லும் வீதியின் பெயர் புரோட்வே. அன்றைய நாடக அரங்குகள் அவ்வீதியிலும் அதன் கிளைத் தெருக்களிலும் நெருங்கி நின்றமையால், அமெரிக்க நாடகத்துக்கே புரோட்வே என்ற பெயர் நிலைத்துவிட்டது. அங்கே அரசன் போல ஆண்டவர் சாள்ஸ் புறோமன் என்ற யூதர். ஒகையோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்தவர். குள்ளமான, கூச்சமுள்ள மனிதர். எந்த நடிகரை எந்தப் பாகத்தில் வைத்தால் சனம் வரும் என்பதை மணந்தறியும் வல்லமை அவருக்கு இருந்தது. 1890இல் இவர் மோட்டைத் தம் குழுவில் சேர்த்தார். 1892இல் புகழ்பெற்ற நடிகர் ஜோன் துறூவுக்குச் சோடியாக நிறுத்தினார். அந்த நாடகத்தில் குடித்தவள் போல நடிக்கும் காட்சி ஒன்று வருகிறது. சற்றே பிசகினாலும் அருவருப்பாகிவிடும் காட்சி. இருபது வயது கூட நிரம்பாத அந்தப் பெண் அதைக் களங்கமின்றி நடித்துச் சபையைச் சிரிக்க வைத்தார். மறுநாள் நகரம் முழுவதும் அதுதான் பேச்சு.

அவர் பேரழகி அல்லர் என்பதை அன்றைய விமர்சகர்கள் ஒளிக்காமல் எழுதினார்கள். மெலிந்த உடல், சிறிய முகம். குரலிலும் கண்ணிலுமே அவருடைய பலம் இருந்தது.

ஸ்கொட்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் பாரி 1896இல் நியூயோர்க் வந்தார். சிற்றூர்ப் போதகர் ஒருவரைப் பற்றிய அவருடைய நாவல் பலரும் விரும்பிப் படித்தது. அதை நாடகமாக்கும்படி புறோமன் கேட்டிருந்தார். கதாநாயகியாக நடிக்கத் தகுந்தவள் கிடைக்கவில்லை என்று பாரி தயங்கிக்கொண்டிருந்தார். எம்பயர் அரங்கில் மோட் நடித்துக்கொண்டிருந்த நாடகம் ஒன்றை ஒருநாள் பார்த்தார். தயக்கம் தீர்ந்தது. 1897 செப்டம்பரில் அரங்கேறிய அந்த நாடகம் நியூயோர்க்கில் மட்டும் ஏறத்தாழ 300 தடவை நடந்தது. மோட் அடம்ஸ் தனிப்பெரும் நடிகையானார். பாரியின் முழுநீள நாடகங்களில் ஆறு அவர் வழியாகவே அமெரிக்காவைச் சேர்ந்தன. மனைவியின் கூர்மதியால் முன்னுக்கு வரும் கணவன், முதுகன்னியாகிவிடுவோமோ என்று அஞ்சும் ஆசிரியை போன்ற குடும்பத்துக்கு உகந்த கதைகள் அவை. கெட்ட பெண்களின் பாகங்களைப் புறோமன் அவருக்குக் கொடுக்கவே இல்லை.

எடுத்ததெல்லாம் வெற்றி என்றும் சொல்வதற்கில்லை. 1899இல் சேக்ஸ்பியரின் யூலியற்றாக நடித்தபோது விமர்சகர்கள் இரண்டு பட்டார்கள். 1900இல் நெப்போலியனின் நோயாளி மகனாக ஆண் வேடம் கட்டினார். பிரான்சிய நாடகாசிரியர் றொஸ்தான் எழுதிய அந்தப் பாகத்தைப் பாரிஸில் நடித்தவர் சேரா பேர்ணாட் என்ற மாபெரும் நடிகை. அவரும் அதே பருவத்தில் நியூயோர்க் வந்து அதே நாடகத்தைப் பிரெஞ்சு மொழியில் நடித்தார். ஒப்பிட்டுப் பேச ஊருக்குக் கேட்க வேண்டுமா?

இனி, அவர் பெயர் சொன்னதும் அமெரிக்கருக்கு நினைவுக்கு வரும் பாகத்துக்கு வருவோம். வளர மாட்டேன் என்று அடம்பிடித்துப் பறந்து திரியும் பீற்றர் பான் என்ற சிறுவனைப் பற்றிப் பாரி ஒரு நாடகம் எழுதினார். இலண்டனின் பெரிய நடிகர் பியபோம் ற்றீ அதைக் கேட்டுவிட்டு, பாரிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று புறோமனை எச்சரித்தாராம். புறோமனுக்கோ கதை தலைக்கேறிவிட்டது. 1904 டிசம்பரில் இலண்டனில் அரங்கேறிற்று. 1905 நவம்பர் 6ஆம் நாள் எம்பயர் அரங்கில் மோட் அடம்ஸ் பீற்றர் பானாகத் தோன்றினார். அப்போது அவருக்கு 33 வயது நிரம்ப ஐந்து நாள் இருந்தது. நம் கூத்துகளில் மீசை வழித்த ஆண்கள் அரசிகளாய் வந்ததைப் பார்த்தவர்களுக்கு, ஒரு பெண் பையனாக வந்தது பெரிய விந்தையாகத் தோன்றாது. ஆனால் கம்பியில் தொங்கி, தலைக்கு மேலே பறந்து, வயது வந்தவர்களையும் அழ வைப்பது வேறு விடயம்.

அந்த நாடகத்தில் ஒரு கட்டம். சிறு ஒளிப்பொட்டாக மட்டும் மேடையில் காட்டப்படும் தேவதை ஒன்று, பீற்றருக்கு வைத்த நஞ்சைத் தான் குடித்துவிட்டு அணையத் தொடங்குகிறது. பீற்றர் சபையின் பக்கம் திரும்பி, தேவதைகளை நம்புகிறவர்கள் கைதட்டும்படி கேட்கிறான். கைதட்டல் எழுந்தால் ஒளி மீண்டும் சுடரும். மோட் கேட்டபோது கைதட்டாமல் இருந்த சபை இல்லையாம். இந்த வேடத்தை அவர் தம் வாழ்நாளில் 1,500 தடவைக்கு மேல் போட்டார் என்று கணக்கிடுகிறார்கள். அவர் அணிந்த வட்டக் கழுத்துப் பட்டியைப் பார்த்துத் தாய்மார் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தார்கள். தையற்காரர் இன்றைக்கும் அதைப் பீற்றர் பான் கொலர் என்றே சொல்வார்கள். நம் பெண்பிள்ளைகளின் சட்டைகளிலும் அது இருந்ததே! அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்கள் குறைவு.

1909ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று நம் வாசகர்களுக்குத் தனியே சுவைக்கும். அவ்வாண்டு ஏப்ரல் 18ஆம் நாள் பாப்பரசர் 10ஆம் பத்திநாதர் உரோமையில் ஜோன் ஒவ் ஆர்க்கை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். இரண்டு மாதம் சென்று, ஜூன் 22ஆம் நாள் இரவு, ஹாவாட் பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்கில் திறந்த வெளியில் மோட் அடம்ஸ் ஜோனாக நடித்தார். யேர்மன் கவிஞர் ஷில்லரின் நாடகம் அது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் படைவீரராகவும் ஊராராகவும் தோன்றினர். கவசம் பூண்டு குதிரையிலேறிப் படையை நடத்திச் சென்ற அந்த மெலிந்த பெண்ணை ஏறத்தாழ 15,000 பேர் பார்த்தார்கள். ஒரே ஓர் இரவுதான். வருமானம் அனைத்தும் பல்கலைக்கழகத்தின் அரும்பொருட்சாலைக்குப் போயிற்று. செக் நாட்டு ஓவியர் அல்போன்ஸ் மூக்கா அவரை ஜோனாகத் தீட்டிய படம் நியூயோர்க்கின் பெரிய அரும்பொருட்சாலையைச் சேர்ந்திருக்கிறது. ஒன்று சொல்ல வேண்டும்: ஷில்லர் தம் கதையில் ஜோனைத் தீயில் எரியவிடவில்லை, போர்க்களத்திலே உயிர்விட வைத்தார். சரித்திரம் அறிந்தவர்களுக்கு இது உறுத்தும். திருச்சபை 1920இல் அவரைப் புனிதராக அறிவித்தது.

அடுத்து 1911இல் றொஸ்தானின் மற்றொரு நாடகத்தில், தான் கூவுவதால்தான் சூரியன் உதிக்கிறது என்று நம்பும் சேவலாக வந்தார். பெண்ணொருத்தி சேவல் வேடம் போடுவதா என்று சிலர் முணுமுணுத்தார்கள். சபையோ அவரைத் திரும்பத் திரும்ப மேடைக்கு அழைத்துக் கைதட்டியது.

இத்தனை புகழிலும் மேடைக்கு வெளியே அவரைக் கண்டவர்கள் மிகச் சிலரே. விருந்துகளுக்குப் போக மாட்டார். பத்திரிகைக்காரரைச் சந்திக்க மாட்டார். பார்ப்பதற்கு அரிய பொருளுக்குத்தான் விலை என்று புறோமன் கணக்குப் போட்டிருக்கலாம். ஆனால் அவருடைய சுபாவமே அதுதான். ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் டொலர் வரை உழைத்தார் என்று சொல்லப்படும் அந்த நாட்களிலும், தம்மோடு நடித்த சிறிய நடிகர்களின் சம்பளம் போதாதென்று கண்டால் தம் பணத்தில் கூட்டிக் கொடுத்தார். ஓர் ஊரில் அரங்கின் சொந்தக்காரர் இவர் வருகிறார் என்றதும் சீட்டு விலையை ஏற்றிவிட்டார். கூடுதலாக வாங்கிய காசைச் சனங்களுக்குத் திருப்பிக் கொடுத்தால்தான் மேடையேறுவேன் என்று இவர் நின்றார். காசு திரும்பியது, நாடகம் நடந்தது. ஐந்து சதம் கூட்டினாலும் இலாபம் என்று பார்க்கும் தொழிலில் இது சின்னக் காரியமன்று.

உழைப்பு உடலைத் தின்றது. களைத்துப் போகும் காலங்களில் அவர் தேடிப் போனது உல்லாச நகரங்களையல்ல, கத்தோலிக்கக் கன்னியர் மடங்களை. மடத்து மணி அடிக்கும்போது எழுந்து, அவர்களுடைய மௌனத்தைத் தாமும் கைக்கொண்டு நீண்ட நாட்கள் தங்கியிருந்தார். செனாக்கிள் சபைக் கன்னியரோடு அவருக்கு உறவு ஏற்பட்டது இவ்வாறுதான். ஆண்டவரின் விண்ணேற்றத்தின் பின் தேவதாயும் அப்போஸ்தலரும் தூய ஆவியை எதிர்பார்த்துச் செபித்திருந்த மேல்வீட்டு அறையே செனாக்கிள். பெண்களுக்கு ஞான ஒடுக்கம் கொடுப்பதற்கென்று 1826இல் பிரான்சின் லலுவெஸ்க் என்ற மலையூரில், புனித பிரான்சிஸ் ரெஜிஸின் கல்லறை இருக்கும் இடத்தில், இச்சபை தோன்றிற்று. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான தெரேஸ் குடேர்க் சில ஆண்டுகளிலேயே தலைமையிலிருந்து நீக்கப்பட்டு, ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் பெயர் தெரியாத சாதாரண கன்னியாகவே வாழ்ந்து 1885இல் மரித்தார். 6ஆம் சின்னப்பர் 1970இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். வீதியெங்கும் விளம்பரத் தட்டிகளில் தம் பெயரைப் பார்த்துச் சலித்த ஒரு நடிகைக்கு, பெயரை மறைத்து வாழ்ந்த ஒருவரின் பிள்ளைகள் நடுவே இருப்பது ஆறுதலாக இருந்திருக்கும் என்றே எனக்குப் படுகிறது.

பின்னர் இழப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1915 மே 7ஆம் நாள் யேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று அயர்லாந்துக் கரையை அண்டி லூசித்தானியா என்ற பயணிகள் கப்பலை மூழ்கடித்தது. இறந்த ஏறத்தாழ 1,200 பேரில் புறோமனும் ஒருவர். மூழ்கும் தறுவாயில் அவர், பீற்றர் பான் சாவைப் பற்றிச் சொல்லும் வசனத்தை நினைவூட்டும் வார்த்தைகளைச் சொன்னார் என்று உயிர் தப்பிய நடிகை ரீற்றா ஜொலிவெற் தெரிவித்தார். இருபத்தைந்து ஆண்டுகள் தகப்பனைப் போலப் பாதுகாத்தவரை இழந்த மறு ஆண்டு, தாயாரும் மறைந்தார். மோட் அவ்வாண்டு தொடங்கிய பாரியின் நாடகத்தோடு ஊர் ஊராகச் சென்றார். 1918இல் உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் அவரையும் விழுத்தியது. எழுந்தபோது மேடையை விட்டுவிட்டார். வயது 46.

அவர் நியூயோர்க்கை அடுத்த லோங் ஐலண்ட் தீவில், றொங்கொங்கோமா என்ற ஏரிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம் வாங்கி வைத்திருந்தார். வீடு, வயல், மரச்சோலை எல்லாம் அடங்கிய பெரிய காணி. சனக்கூட்டத்திலிருந்து ஒளிந்துகொள்ள அவருக்கிருந்த இடம். 1922இல் அதனைச் செனாக்கிள் கன்னியருக்கு நன்கொடையாக எழுதிக் கொடுத்தார். நவகன்னியர் பயிற்சிக்கும், ஞான ஒடுக்கத்துக்கும் அது இல்லமாயிற்று. தமக்கு மடத்தில் கிடைத்த அமைதி வேறு பெண்களுக்கும் கிடைக்கட்டும் என்று அவர் எண்ணினாரா, எழுதி வைத்தாரில்லை. திருமறையில் சேரும்படி கன்னியர் அவரை நெருக்கியதாகவும் செய்தி இல்லை. அவர் சேரவும் இல்லை. கொடுத்தார், பெற்றுக்கொண்டார்கள், உறவு கடைசிவரை நீடித்தது.

மேடையை விட்டவர் சும்மா இருந்தாரா? அதுவும் இல்லை. மேடை விளக்குகளில் அவருக்குத் தொடக்கத்திலிருந்தே தீராத ஆர்வம். பீற்றர் பானுக்காக எம்பயர் அரங்கின் முகப்பில், உயரே நின்று விளக்குகளை இயக்கும் பாலம் ஒன்றை அமைப்பித்தவர். 1921இல் ஸ்கெனெக்டடி நகரிலுள்ள ஜெனரல் இலெக்ற்றிக் நிறுவனத்தின் ஆய்வுகூடத்துக்குப் போய், பொறியியலாளரோடு உட்கார்ந்து சக்திவாய்ந்த மின்குமிழ்களை உருவாக்கும் வேலையில் இறங்கினார். வர்ணச் சினிமாவுக்கு நல்ல ஒளி வேண்டும். அது கிடைத்தால் பீற்றர் பானை வர்ணத்தில் படமாக்கலாம் என்பதே அவர் எண்ணம் என்பர். அந்த வகை விளக்குகள் பேசும்படக் காலத்தில் ஹொலிவூட்டில் வழக்குக்கு வந்தன. அவற்றோடு அவர் பெயர் ஒட்டவில்லை. பீற்றர் பானை 1924இல் வேறொரு நடிகையை வைத்து, கறுப்பு வெள்ளையில், மௌனப் படமாக எடுத்தார்கள்.

1931இல் மீண்டும் ஒருமுறை, சேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகனில் போர்சியாவாக ஊர்ப் பயணம் செய்தார். 1937இல் மிசூரி மாநிலத்தின் ஸ்டீவன்ஸ் மகளிர் கல்லூரியில் நாடக ஆசிரியையாகச் சேர்ந்து இளம் பெண்களுக்கு மேடைத் தொழிலைக் கற்பித்தார். 1938இல் சினிமாக்காரர் அழைத்துச் சில நிமிடப் பரீட்சைப் படம் ஒன்று எடுத்தார்கள். அந்தப் படத்தில் நடிக்க அவர் உடன்படவில்லை. நாடு முழுவதும் இலட்சக்கணக்கானோர் மேடையில் கண்ட ஒருவரின் அசைவும் குரலும் படச்சுருளில் இருப்பது அந்தச் சில நிமிடந்தான், அதுவும் 65 வயதில். அவர் பறந்ததைக் கண்ட பிள்ளைகள் எல்லோரும் இப்போது இல்லை.

1953 மே மாதத்தில் எம்பயர் அரங்கில் கடைசி நாடகம் முடிந்தது. பின்னர் அதை இடித்துத் தள்ளினார்கள். அதே ஆண்டு ஜூலை 17ஆம் நாள், கற்ஸ்கில் மலைப்பகுதியில் தனேஸ்வில் என்ற ஊரிலுள்ள தம் வீட்டில் மோட் அடம்ஸ் காலமானார். வயது 80. அவர் திருமணம் செய்யவில்லை. உடலை றொங்கொங்கோமாவுக்குக் கொண்டுசென்று, ஒரு காலம் அவருடையதாயிருந்த நிலத்தில், கன்னியர் மடத்துச் சேமக்காலையில் அடக்கம் செய்தார்கள். அவருடைய காரியதரிசியாகவும் தோழியாகவும் 1905 முதல் கூடவே இருந்து, 1951இல் மரித்த லூயிஸ் பொயின்ரனின் கல்லறையும் அங்கே அவருக்குப் பக்கத்தில் உண்டு.